நான் போகாத இரண்டு நகரங்கள்: ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திட்டம் போட்டு ஆடும் ஸ்ட்ராட்டஜி கேம்களையும், ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் ஆர்பிஜி கேம்களையும் வடிவமைக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் ஆடியவர்களுக்கு அந்தத் திரை நன்றாக நினைவிருக்கும். அதில் வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்கும் ஒரு பன்னாட்டுப் படைக்கு நாம்தான் தளபதி. ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் அவர்கள் மனிதர்களைக் கடத்துகிறார்கள். மூன்று இடங்களிலிருந்தும் உதவி கேட்டு அழைப்பு வருகிறது. நாம் ஓரிடத்துக்குத்தான் போக முடியும். ஒரு நகரத்தைக் காப்பாற்றினால் பொறியாளர்கள் கிடைப்பார்கள், இன்னொன்றில் பணம், மற்றொன்றில் அனுபவமுள்ள ஒரு வீரர். போகாத இரண்டு நாடுகளிலும் பீதி ஏறும். பீதி உச்சத்தைத் தொட்டுவிட்டால் மாத முடிவில் அந்த நாடு நம்மைக் கைவிட்டுப் போய்விடலாம்.

அந்தத் திரையின் முன்னால் நான் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குண்டுகூடச் சுடவில்லை, எதிரி ஒருவனைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் நான் முழுமூச்சாக ஆடிய நேரம் அதுதான். எதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எனக்கு அங்கே பெரிதாகப் படவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் உறுத்தியது. ஆட்டம் முடிந்த பிறகும் மனதில் நின்றவை நான் போகாத அந்த இரண்டு நகரங்கள். அவற்றுக்காகத்தான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த மடலை எழுதக் காரணமும் அதுவே. ஓர் ஆட்டத்தை மறுபடி மறுபடி ஆட வைப்பது எது என்று கேட்டால் இப்போது பெரும்பாலும் அளவைத்தான் பதிலாகக் காட்டுகிறீர்கள். இவ்வளவு பெரிய வரைபடம், இத்தனை நூறு மணி நேரம், இத்தனை குவெஸ்ட் (செய்து முடிக்க வேண்டிய பணி), இத்தனை ஆயுதம் என்று. இத்தனை வருடம் ஆடிய ஒருவனாகச் சொல்கிறேன்: ஒரே சுற்றில் எல்லாம் கிடைத்துவிடும் ஆட்டத்தை நான் இரண்டாவது முறை தொட்டதே இல்லை. அதில் திரும்பிப் போய்ப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

2011இல் வந்த விட்சர் 2 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் முடிவில் ரோச், இயோர்வெத் என்ற இருவரில் ஒருவர் பக்கம் நிற்க வேண்டும். யாருடன் போகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி முழுவதும் மாறிவிடும். நாம் தங்கும் இடம் வேறு, பழகும் மனிதர்கள் வேறு, அதே போரைப் பார்க்கும் கோணம் வேறு. ஒருமுறை மட்டும் ஆடுபவருக்கு அந்தப் பகுதியில் ஒரு பாதி கண்ணில் படவே படாது. கூட்டத்தில் உட்கார்ந்து இதை முடிவு செய்தவர்களின் துணிச்சலை நினைத்துப் பார்க்கிறேன். பல மாத உழைப்பைப் பலர் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பு வீண் போகவில்லை. பார்க்காத பாதி எங்கோ இருக்கிறது என்பதால்தான் பார்த்த பாதிக்குக் கனம் வந்தது. ரோச்சோடு போன என் முதல் சுற்றில், அந்தப் பக்கம் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு என்னை விட்டு விலகவே இல்லை.

2002இல் வந்த மாரோவிண்டும் இந்த வகைதான். அதில் நாம் சேரக்கூடிய பெரும் குலங்கள் மூன்று உண்டு: வணிகத்தில் கைதேர்ந்த ஹ்லாலு, மானமே பெரிதென்று வாழும் ரெடோரான், காளான் கோபுரங்களில் குடியிருக்கும் மந்திரவாதிகளான டெல்வானி. ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் மூடிக்கொள்ளும். கதைக்கு முக்கியமான ஒருவரை நாம் கொன்றுவிட்டால்கூட அந்த ஆட்டம் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. விதியின் இழை அறுந்துவிட்டது, வேண்டுமானால் பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு) திரும்பு, இல்லையென்றால் நீ கெடுத்த இந்த உலகத்திலேயே இரு என்கிற பொருளில் ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆட்டங்களில், முக்கியமான ஆளை எத்தனை முறை வெட்டினாலும் அவர் கொஞ்ச நேரம் மண்டியிட்டுவிட்டு எழுந்து தூசி தட்டிக்கொள்கிறார். ஒரே கதாபாத்திரம் மந்திரவாதிகளுக்கும் தலைவர், திருடர்களுக்கும் தலைவர், போர்வீரர்களுக்கும் தலைவர். எல்லாமாகவும் இருப்பவன் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனோடு நூறு மணி நேரம் கழித்திருக்கிறேன், ஆனாலும் அவன் முகம் நினைவில் இல்லை.

ஸ்ட்ராட்டஜி பக்கம் வந்தால், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பழையது: 1996இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. விண்மீன் பேரரசு ஒன்றைக் கட்டும் ஆட்டம். அதில் ஆராய்ச்சி ஒவ்வொரு படிக்கும் போகும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று கண்டுபிடிப்புகள் எதிரே நிற்கும். ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுக்காதது போனது போனதுதான். அதன் பிறகு அது வேண்டுமென்றால் இன்னொரு இனத்திடம் பேரம் பேச வேண்டும், ஒற்றரை அனுப்பித் திருட வேண்டும், அல்லது படையெடுத்துப் பிடுங்க வேண்டும்.

இதில் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். ஆராய்ச்சித் திரையில் நான் விட்ட ஒரு பொருள் அரசியலாக மாறுகிறது. பக்கத்து விண்மீனில் இருப்பவன் என்னிடம் இல்லாத தொழிற்சாலை நுட்பத்தை வைத்திருக்கிறான். அவனோடு சண்டை போடுவதா, நட்பாக இருப்பதா? ஒரு சுற்றில் அந்த ஒரு நுட்பத்துக்காகவே நாற்பது டர்ன், அதாவது நகர்த்தும் முறை எனக்கு நாற்பது தடவை வரும்வரை, அவனிடம் பணிந்து நடந்தேன். அடுத்த சுற்றில் என் தேர்வுகள் வேறு, ஆகவே நண்பர்களும் எதிரிகளும் வேறு. ஒரு சின்ன விதிதான். எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்ற அந்த விதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதுக் கதையை எழுதிக்கொடுக்கிறது. ஓர் இனத்தை நாமே வடிவமைக்கும்போது எல்லாக் கண்டுபிடிப்புகளையும் ஒருசேரத் தரும் ஒரு குணத்தையும் வாங்கலாம், விலை அதிகம். நிறையப் பேர் அதைத்தான் வாங்குவார்கள். நான் இப்போது வாங்குவதில்லை. வாங்கிய சுற்றுகளில் வென்றேன், ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட என்னால் யாருக்கும் கதையாகச் சொல்ல முடியாது.

ஆர்பிஜியில் இதே கதவு நம் கதாபாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1997இல் வந்த ஃபால்அவுட்டில் ஏழு குணங்களுக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுப்போம். அறிவுக்கு மிகக் குறைவாகக் கொடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். நம் ஆள் கோவையாகப் பேசவே மாட்டான், பலர் அவனிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பாதிக் கதை அவனுக்கு எட்டாது. அறிவும் பேச்சுத் திறமையும் உள்ள ஆளாகப் போனாலோ, கடைசி எதிரியைச் சுடாமலேயே தோற்கடிக்கலாம். அவனுடைய படைப்புகளால் பிள்ளை பெற முடியாது, அவன் கனவு காணும் இனத்துக்கு எதிர்காலமே இல்லை என்று அத்தாட்சியோடு எடுத்துச் சொன்னால் அவனே தன்னை முடித்துக்கொள்வான். இந்த இரண்டு ஆட்களும் நடந்தது ஒரே வரைபடம்தான். நீங்கள் இன்னொரு கண்டத்தை வரைந்து தரத் தேவையே இருக்கவில்லை.

ஆனால் ஒன்று. கதவை மூடினால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்று ஊகிக்கவாவது எனக்கு வழி வேண்டும். எந்தத் தகவலும் இல்லாமல் இடமா வலமா என்று கேட்டால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது, சீட்டுக் குலுக்கல்தான். பத்து மணி நேரத்துக்கு முன்னால் ஒருவனிடம் சொன்ன சாதாரணப் பதிலுக்காக, எந்தக் குறிப்பும் இல்லாமல் நல்ல முடிவு மறுக்கப்பட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மறுபடி ஆடத் தோன்றாது.

இந்த விஷயத்தில் என்னைக் கட்டிப்போட்ட ஆட்டம் 2018இல் வந்த இன்டு த பிரீச். எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், அவ்வளவுதான் களம். எதிரி அடுத்து எதை அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். நம் அடி தவறிப்போகுமோ என்ற பயமும் இல்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும், எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. ஒரு கட்டடத்தைக் காக்க வேண்டுமென்றால் நம் இயந்திரம் அடி வாங்க வேண்டும். இயந்திரம் பிழைக்க வேண்டுமென்றால் கட்டடம் போகும். தோற்கும்போது பகடையைத் திட்ட முடியாது. இதை இப்படித் தள்ளியிருந்தால் எதிரி தன் கூட்டாளியையே அடித்திருப்பானே என்று நமக்கே தெரியும், உடனே அடுத்த சுற்றைத் தொடங்குவோம்.

பகடையே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பகடை வேண்டும். அது எந்த இடத்தில் உருள்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுக்கும் சிவிலிசேஷன் வரிசையில் 1991 முதல் இன்று வரை ஒவ்வொரு புது ஆட்டத்திலும் உலகம் புதிதாக விரிகிறது. ஆறு எங்கே, மலை எங்கே, பக்கத்தில் யார் என்று தெரியாது. முதல் குடியேறியை இங்கேயே நகரமாக்குவதா, ஒரு டர்ன் தள்ளிப் போய்ப் பார்ப்பதா என்ற யோசனையில்தான் ஆட்டம் தொடங்குகிறது. இங்கே பகடை நான் முடிவெடுப்பதற்கு முன்னால் உருள்கிறது. எனக்கு ஒரு கேள்வியைத் தருகிறது, பதிலை என்னிடமே விட்டுவிடுகிறது. 2019இல் முழுமையாக வெளிவந்த, சீட்டுகளைக் கொண்டு சண்டையிடும் ஸ்லே த ஸ்பையரிலும் அப்படித்தான். சண்டை முடிந்ததும் மூன்று சீட்டுகள் வரும், ஒன்றை எடுக்கலாம், எதையும் எடுக்காமலும் போகலாம். எடுக்காமல் போவதும் ஒரு நல்ல முடிவாக இருக்க முடியும் என்று புரிந்த நாளில்தான் எனக்கு அந்த ஆட்டம் பிடிபட்டது.

நான் யோசித்து, நகர்ந்து, குறிபார்த்து முடித்த பிறகு உருளும் பகடை வேறு வகை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்புள்ள அடி தவறும்போது வயிற்றில் ஏதோ புரளும். அதற்கும் இடம் உண்டு, தவறினால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைப்பதும் திறமைதான். ஆனால் ஒரே ஒரு பகடையில் நாற்பது மணி நேர ஆட்டம் போய்விடும்படி வைக்காதீர்கள். அடி தவறிய பிறகும் எனக்கு இன்னொரு வழி, இன்னொரு தந்திரம் மிச்சமிருக்க வேண்டும்.

நிலவறைக்குள் மாடி மாடியாக இறங்கிப் போகும், 1980இல் வந்த ரோக் ஆட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு, அதை இன்று பலர் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் நிலவறை மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் மருந்துகளின் நிறங்களும் மாறும். சென்ற முறை காயத்தை ஆற்றிய நீல மருந்து இந்த முறை கண்ணைக் கெடுக்கலாம். ஆகவே மனப்பாடம் உதவாது, ஆனால் பழக்கம் உதவும். எந்தச் சமயத்தில் தெரியாத மருந்தைக் குடித்துப் பார்க்கலாம் என்ற பக்குவம் கைவரும். இந்த வித்தியாசம் எனக்கு மிகவும் முக்கியம். விடையை மனப்பாடம் செய்ய வைக்கும் ஆட்டம் ஒருமுறைதான். விடை காணும் விதத்தைக் கற்றுத்தரும் ஆட்டத்தைப் பல வருடம் ஆடலாம்.

சரி, தோல்விக்கு வருகிறேன். உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்.

எங்களைத் தோற்க விடுங்கள். தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். பல ஆர்பிஜிகளில் தோல்வி என்றால் கறுப்புத் திரை, பிறகு பழைய சேவ். அதனால் என்ன ஆகிறது? ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் சேவ் செய்கிறோம், பகடை சரியாக விழாவிட்டால் மறுபடி லோட் செய்கிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் ஆடினேன். வெற்றிகளை மட்டும் வெட்டி ஒட்டிய ஒரு கதைதான் கடைசியில் கையில் இருந்தது. 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் அந்தப் பழக்கத்திலிருந்து என்னை விடுவித்தது. அதில் சில முயற்சிகளை ஒரே ஒருமுறைதான் செய்ய முடியும். தோற்றால் அந்தத் தோல்விக்கென்றே ஒரு காட்சி, வசனம், பின்விளைவு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், பல நேரம் வெற்றியைவிட நன்றாக. ஒரு கட்டத்தில் நான் லோட் செய்வதை நிறுத்திவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கே தேவைப்படவில்லை.

குரூசேடர் கிங்ஸ் வரிசை இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. அதில் வென்றுவிட்டாய் என்று சொல்லும் கோடே கிடையாது. நம் அரசன் செத்தால் அவனுடைய வாரிசாக ஆடுவோம். அப்பன் திறமைசாலியாக இருந்திருப்பான், பிள்ளை கோழையாக, குடிகாரனாக இருப்பான். கட்டி வைத்த ராஜ்யம் பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாகப் பிரியும். 2020இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒருவன் தன் இயல்புக்கு மாறாக நடந்தால் மன அழுத்தம் ஏறும். இரக்க குணமுள்ள அரசனை வைத்துக்கொண்டு ஆட்களைக் கொன்று குவிக்க நினைத்தால் அவனே உடைந்துபோவான். எது லாபம் என்ற கணக்கோடு இந்த மனிதன் இதைச் செய்வானா என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது. என் பார்வையில் இதைவிட நேர்மையாகப் பாத்திரமாக ஆட வைத்த ஸ்ட்ராட்டஜி ஆட்டம் வேறில்லை. நான்கு தலைமுறையாகச் சேர்த்ததை ஐந்தாவது தலைமுறையில் இழந்து ஒரு சிற்றூரோடு நின்றேன். என் சுற்றுகளில் நான் அதிகம் பேசுவது அந்தச் சுற்றைப் பற்றித்தான்.

சேவ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சேவ் செய்வதைக் கடினமாக்காதீர்கள். எங்களில் பலருக்கு ஒரு நாளில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. குழந்தை அழும், தொலைபேசி அடிக்கும். எந்த இடத்திலும் நிறுத்தி, அதே இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். திரும்பப் பெற முடியாத ஒரே சேவோடு ஆடும் அயர்ன்மேன் முறையை விரும்புபவர்களுக்காக வையுங்கள், நான் அதைத்தான் எடுப்பேன். எல்லோர் மேலும் அதைத் திணிக்க வேண்டாம்.

அப்புறம், வெற்றி முடிவாகிவிட்ட பிறகும் இழுக்கும் ஆட்டங்கள். பேரரசு கட்டும் ஆட்டங்களில் இது பழைய நோய். பாதி வழியிலேயே நான்தான் ஜெயிப்பேன் என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் நூறு, இருநூறு டர்ன் வெறும் நிர்வாகம். நகரங்கள் முப்பது, ஒவ்வொன்றுக்கும் அடுத்து எதைக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் ஒரு கேள்விக்காகக் கால் மணி நேரம் யோசித்தவன், கடைசியில் படிக்காமலேயே அழுத்திக்கொண்டு போகிறேன். நான் தொடங்கிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இதனாலேயே முடித்ததில்லை. முடிவாகிவிட்டதென்றால் முடித்துவிடுங்கள். அல்லது பேரரசு பெரிதாகப் பெரிதாக அதற்கே உரிய விரிசல்களைக் கொடுங்கள்: பிரிந்துபோக நினைக்கும் மாகாணங்கள், செல்வாக்கு மீறிய தளபதிகள், நான் முன்பு எடுக்காத முடிவுகளின் பாக்கி. பெரியவனாக இருப்பதும் கடினமாக இருக்கட்டும்.

இதோடு சேர்ந்ததுதான் கணினி எதிரியின் விஷயமும். கடின நிலையை உயர்த்தினால் எதிரி புத்திசாலியாக மாறுவதில்லை, அவனுக்குக் கூடுதல் குடியேறிகளும் கூடுதல் உற்பத்தியும் கிடைக்கின்றன. எதிரியின் மூளையை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எதிரிக்கு ஒரு சுபாவம் கொடுக்க முடியும். 1999இல் வந்த ஆல்ஃபா செண்டாரியில் ஏழு தலைவர்கள், ஏழு கொள்கைகள். இயற்கையைக் காக்க நினைப்பவர் நாம் கட்டற்ற சந்தைப் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்தால் முகம் சுளிப்பார். அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஆகவே அவர்களோடு போட்ட சண்டைக்கும் பொருள் இருந்தது. கெட்டிக்காரத்தனம் குறைந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு நடக்கும் எதிரியைக் கொடுங்கள்.

தினமும் உள்ளே வந்தால் பரிசு, வராவிட்டால் போச்சு என்கிற ஏற்பாட்டைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. அது மறுபடி ஆட வைப்பதில்லை, விட்டுப் போக முடியாமல் செய்கிறது. இரண்டும் வேறு வேறு என்று உங்களுக்கும் தெரியும். தனியாக ஆடும் ஆட்டத்துக்கு இணையத் தொடர்பைக் கட்டாயமாக்குவதும் அப்படியே. நான் காசு கொடுத்து வாங்கிய ஓர் ஆட்டம், சர்வரை நிறுத்திய நாளோடு திறக்காமல் போனது. அதில் பாதியில் நின்ற ஒரு படையெடுப்பு இன்னும் என் மனதில் பாதியில்தான் நிற்கிறது.

ரோக்கின் கடைசி மாடிப்படி வரை நாற்பது வருடமாக இறங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2003இல் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்நோத் என்ற இலவச ஆட்டத்துக்கு ஆடுபவர்களே புதுப் படைகளையும் கதைகளையும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 2005இல் வந்த சிவிலிசேஷன் 4 தன் விதிகளைத் திருத்தும்படி திறந்து வைத்ததால், அதற்குள்ளேயே மந்திரமும் தேவதைகளும் நிறைந்த வேறோர் உலகத்தை ஆடுபவர்கள் கட்டினார்கள். விதிகளை எளிய உரைக் கோப்புகளில் வையுங்கள், திருத்தும் கருவியைக் கூடவே கொடுங்கள். நீங்கள் அடுத்த ஆட்டத்துக்குப் போன பிறகும் நாங்கள் இதிலேயே இருப்போம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர், இந்தக் காட்சியைப் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுவார்களே, எல்லோருக்கும் கிடைக்கும்படி மாற்றிவிடலாமா என்று கேட்பார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார். அப்போது தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். அந்தப் பாதிப் பேரில் நானும் இருப்பேன். பார்க்காமல் விட்டதைப் பார்க்க நான் திரும்பி வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கும் ஒருவன்